பதினொரு மீட்டர் நாற்பத்தேழு

ஹரிமா கடற்கரை
1944 மே 12

அன்புள்ள மாப்பிள்ளை தோகுஜிரோவுக்கு,

மச்சான் ரியோஹெய் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி தோமியும் கிடைத்ததைத் தின்றுகொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். கப்பலில் நீயும் என் தம்பி ஷுன்சாகு என்கிற அந்த வாலில்லாக் குரங்கும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. தங்கை சாயோவைக் கட்டிக்கொண்டு போனாய், சரி. தம்பியையும் உன் கப்பலிலேயே விமானியாக ஏற்றிக்கொண்டாய். எங்கள் வீட்டில் உனக்குச் சீதனமாகத் தர இன்னும் நான் ஒருவன்தான் பாக்கி.

கடைசியில் உத்தரவு வந்துவிட்டது. என் விமானத்தின் கதை உனக்குத் தெரியும். முதலில் தண்ணீரிலிருந்து எழும்ப மிதவை வைத்துச் செய்தோம். பிறகு "மிதவையை எடு, சக்கரம் வை" என்றார்கள். இறக்கை உடம்பின் நடுவில் இருந்ததால் சக்கரம் தரையைத் தொடக் காலை நீட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தக் கொக்குக் கால். கொஞ்சம் வேகமாக இறங்கினால் மளுக்கென்று ஒடிகிறது. விமானிகள் என்னை என்ன வார்த்தை சொல்லித் திட்டுகிறார்கள் என்று எனக்கும் தகவல் வருகிறது.

இப்போது எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்யப்போகிறேன். இறக்கையை வயிற்றுக்குக் கீழே இறக்கியாகிவிட்டது. கால் குட்டை, தடி. கால் வரைபடம் போன வாரமே முடிந்தது, பார்த்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. மேலிடத்தில் கேட்பது ஒன்றுதான்: இது விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வேண்டும். அதற்குத் தளத்துக் கம்பியைப் பிடித்து நிறுத்த வாலில் கொக்கி வேண்டும், லிஃப்டில் கீழே போக இறக்கை நுனி மடங்க வேண்டும். உங்கள் 'உன்காகு' கப்பலின் லிஃப்ட்தான் அளவுகோல் என்று உத்தரவில் போட்டிருக்கிறது.

வரைபடத்தில் லிஃப்டின் அகலம் பதினொரு மீட்டர் அறுபது. எனக்கு வரைபடத்தின் மேல் நம்பிக்கை இல்லை. உன் கல்யாணத் தரகர் உன் உயரத்தைச் சொன்ன மாதிரிதான் அதுவும். விமானக் கிடங்கும் லிஃப்டும் உன் பொறுப்பில்தானே இருக்கின்றன? நீயே இறங்கி அளந்து எழுது. எங்கள் தொழிற்சாலை எஃகு டேப் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். என் பெயரில் எழுதி வாங்கியது, பத்திரமாகத் திருப்பி அனுப்பு. சாயோ உனக்காகப் போட்ட உமேப் பழ ஊறுகாயும் பெட்டியில் இருக்கிறது. தம்பிக்குப் பாதி கொடு.

உன் மச்சான்
ரியோஹெய்


'உன்காகு' கப்பலில்
1944 மே 29

அன்பும் மரியாதையும் கலந்து மச்சானுக்கு எழுதுவது,

பெட்டி கிடைத்தது. ஊறுகாயில் பாதியை உங்கள் தம்பிக்குக் கொடுத்தேன். மீதிப் பாதியையும் அவனே தின்றான்.

லிஃப்டை அளந்துவிட்டேன். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. போன வருடம் ஓரங்களில் மரச்சட்டம் அடித்திருக்கிறார்கள், அது வரைபடத்தில் ஏறவில்லை. உண்மையான அகலம் பதினொரு மீட்டர் நாற்பத்தேழு. மூன்று இடத்தில் அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது ஷுன்சாகு. அவன் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னான்:

"அத்தான், அண்ணாகிட்ட சொல்லுங்க. கொக்கி, மடிப்பு எல்லாம் அவர் இஷ்டம். கால மட்டும் மனுஷன் கால் மாதிரி வெக்கச் சொல்லுங்க. அந்தக் கொக்கு வண்டிய ஓட்டின பசங்க இறங்கறப்ப கண்ண மூடிக்கறானுங்களாம்."

நான் அவனை அதட்டினேன். உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும் என்று தெரியும்.

டேப்பைத் துறைமுகம் திரும்பியதும் அனுப்புகிறேன். இப்போது ஓர் இடத்துக்குப் போகிறோம்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை
மினாகாவா தோகுஜிரோ


ஹரிமா கடற்கரை
1944 ஜூலை 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வானொலியில் பெரிய சண்டை நடந்ததாகவும் எதிரிக்குப் பெருஞ்சேதம், நமக்குக் கொஞ்சம்தான் என்றும் சொன்னார்கள். அந்தக் கொஞ்சத்தில் நீங்கள் இரண்டு பேரும் இல்லை என்று ஓர் அஞ்சலட்டையாவது போடக்கூடாதா? தோமி தினமும் சுவாமி மாடத்தில் உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கைகூப்புகிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை, ஆனால் அவள் மறந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

உன் பதினொரு மீட்டர் நாற்பத்தேழு என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. இரண்டு பக்கமும் ஒரு ஜாண் இடம் விட வேண்டும் என்பது விதி. நாற்பது சென்டிமீட்டர் நுனி மடங்கினால் போதும் என்று இருந்தேன். இப்போது நாற்பத்தேழு மடங்க வேண்டும். அந்த ஏழு சென்டிமீட்டர், விமானத்தை உருட்டித் திருப்புகிற துடுப்பில் போய் இடிக்கிறது. துடுப்பைக் குறைத்தால் விமானம் எருமை மாதிரித் திரும்பும். ஆகவே இறக்கையின் வெளிப்பாதி முழுவதையும் மறுபடி வரைகிறோம்.

தொழிற்சாலைக் கூடத்துத் தரையில் உங்கள் லிஃப்டை உன் அளவில் வெள்ளைப் பெயின்டால் வரைந்து வைத்திருக்கிறேன். கோட்டுக்கு வெளியே கடல். விமானத்தைத் தள்ளும்போது சக்கரமோ இறக்கையோ கோட்டைத் தாண்டினால், "கடல்ல விழுந்தாச்சு!" என்று எல்லோரும் கத்துவார்கள். விழவைத்தவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீ சுமக்க வேண்டும். நேற்று நான் சுமந்தேன்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் தலைமைப் பொறியாளர் ஹிராத்சுகா ஒரு யோசனை சொல்கிறார்: "கொக்கியும் வேணாம், மடிப்பும் வேணாம். குட்டைக் காலோட தரை விமானமா முதல்ல அனுப்பிடுவோம்யா. செப்டம்பர்லயே கைக்கு வந்துரும். கப்பலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்." கப்பலுக்கும் சேர்த்துச் செய்தால் அடுத்த பிப்ரவரி ஆகும். எனக்கு அரைகுறையாக ஒன்றை வெளியே விட மனம் இல்லை. ஆனாலும் உங்கள் தேவைதான் முக்கியம். கப்பல் காத்திருக்கிறதா, அவசரமா? நீ இருக்கும் இடத்திலிருந்து சொன்னால் நம்புவேன்.

உன் மச்சான்
ரியோஹெய்


குரே
1944 ஜூலை 21

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நான் நலம். கப்பல் ஏணியில் வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கையோடு கப்பலில் வேலை இல்லை என்று குரே துறைமுகத்தில் கடற்படையின் கரை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கப்பல்தளக் கருவிகள் சம்பந்தமான காகிதங்கள் என் மேசைக்கு வருகின்றன. சாயோவோடு ஒரே வீட்டில் இருக்க முடிகிறது. அவளுக்கு ஜனவரியில் பிரசவம் என்று மருத்துவச்சி சொன்னாள். இந்தச் செய்தியை அவள்தான் எழுத வேண்டும் என்றாள், நான் முந்திக்கொண்டேன்.

ஷுன்சாகுவும் நலம். பயிற்சிக்காக அவன் பிரிவைக் கியூஷூவில் ஒரு தரைத்தளத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அவனுக்குக் கிடைத்திருப்பது உங்கள் கொக்குக் கால் வண்டிதான்.

நீங்கள் கேட்ட கேள்வி உங்கள் தொழிற்சாலையிலிருந்து முறைப்படியும் வந்தது. 'கப்பல் தேவைகள் முன்போலவே' என்று முத்திரை வைத்து அனுப்பியாகிவிட்டது. லிஃப்டின் அளவிலும் மாற்றம் இல்லை. நான் அளந்தபோது இருந்தபடியேதான் இருக்கிறது.

கப்பலைப் பற்றிக் கடிதத்தில் கேட்காதீர்கள். இப்போது விதிகள் கடுமை.

மினாகாவா தோகுஜிரோ


ஹரிமா கடற்கரை
1944 செப்டம்பர் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அப்பனாகப் போகிறவனுக்கு வாழ்த்து. பிரசவத்துக்குச் சாயோவை இங்கேதான் அனுப்ப வேண்டும். பிறந்த வீடு என்று ஒன்று எதற்கு இருக்கிறது? தோமி இப்போதே பழைய கிமோனோக்களைக் கிழித்துத் துணி தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

புதிய விமானம் பறந்தது. கொக்கி இல்லாமல் ஒரு முறை, கொக்கியோடு ஒரு முறை. கொக்கியோடு இறங்கும்போது தரையில் இழுத்துக் கட்டியிருந்த கம்பியைப் பிடித்து நின்றதைப் பார்த்து ஹிராத்சுகாவே கைதட்டினார். குட்டைக் கால் கல் மாதிரி நிற்கிறது. இறக்கை நுனிதான் இன்னும் அடம் பிடிக்கிறது. கீல் ஆடுகிறது, வேகத்தில் நடுங்குகிறது. கீலைக் கனமாக்கினால் எடை ஏறுகிறது, எடையைக் குறைக்க வேறெங்கோ ஓட்டை போட வேண்டியிருக்கிறது. ஆனால் விடமாட்டேன். இவ்வளவு நல்ல விமானத்தை நான் இதுவரை செய்ததில்லை.

ஷுன்சாகு எழுதியிருந்தான். கேள்:

"அண்ணா, இந்த மாசம் எங்க தளத்துல மூணு பேர் கால் ஒடிஞ்சு கவுந்தாங்க. உங்க புது வண்டி பறந்துச்சுன்னு கேள்விப்பட்டோம். கொக்கி எதுக்குண்ணா? மடிப்பு எதுக்கு? எங்க ஓடுதளம் நல்லா நீளமா இருக்கு. அந்தக் காலோட அப்படியே அனுப்புங்க. கொக்கிய நாங்க யாரும் கேக்க மாட்டோம்."

பார்த்தாயா? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். தட்டில் மீனைத் தின்றுவிட்டுக் காய்கறியை ஒதுக்கிவைப்பான். தரையில் நாலு நாள் சொகுசாக இருந்ததும் தான் கப்பல்காரன் என்பதே மறந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறேன்.

உன் மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லையா? எழுத்து இன்னும் கோணலாகவே வருகிறது. நல்ல வைத்தியரைப் பார். எஃகு டேப்பையும் மறந்துவிட்டாய். ஸ்டோர்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், அந்த டேப்பு..." என்று ஆரம்பிக்கிறான். அவனுக்குப் பயந்து கழிப்பறைக்கே சுற்றுவழியில் போகிறேன்.

உன் மச்சான்
ரியோஹெய்


குரே
1944 அக்டோபர் 2

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

சாயோவுக்கு மசக்கை தீர்ந்து நன்றாகச் சாப்பிடுகிறாள். சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை.

டேப்பைத் தேடி அனுப்புகிறேன். எங்கோ சாமான்களுக்கு இடையில் இருக்கிறது.

ஷுன்சாகு எழுதியதை நீங்கள் இன்னொரு தடவை படியுங்கள். அவன் சோம்பேறி இல்லை.

தோகுஜிரோ


ஹரிமா கடற்கரை
1944 அக்டோபர் 6

மாப்பிள்ளை,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். உன் ஒரு வரியைப் பத்துத் தடவை படித்தேன். நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் ஏதோ சொல்ல வருகிறாய்.

ஹிராத்சுகாவிடம் பேசினேன். அவர் சொன்னது: "மினாகாவா முத்திரையோட 'கப்பல் தேவை இப்போதைக்கு இல்லை'ன்னு ஒரு வரி வரட்டும். காரணமே வேணாம். மறுநாளே கொக்கியக் கழட்டிப் போட்டுட்டு, இருக்கற ஒன்பது வண்டியையும் கியூஷூவுக்கு அனுப்பிடறேன்." முத்திரை இல்லாமல் அவர் கை வைக்க மாட்டார். நானாகக் கழற்றினால் என்னை ஜெயிலில் போடுவார்கள்.

ஒரு வரி. பதினைந்தாம் தேதிக்குள் வேண்டும். அதற்குள் வராவிட்டால் ஒன்பதையும் பிரித்துப் புதிய கீல் போடக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு பிப்ரவரிதான்.

ரியோஹெய்


குரே
1944 அக்டோபர் 13

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலக விஷயம் அலுவலகத்தின் வழியாகவே வரும். சாயோ நலம்.

மினாகாவா


ஹரிமா கடற்கரை
1944 நவம்பர் 19

தோகுஜிரோ,

ஷுன்சாகுவின் காரியத்துக்கு வந்த சாயோவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்கு இதில் உள்ளது தெரியாது. நீ சொல்லிக்கொள்.

அக்டோபர் பதினான்காம் தேதி உன் அலுவலகத்துக் காகிதம் வந்தது. 'முன்போலவே.' கீழே உன் முத்திரை, கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. மறுநாள் ஒன்பது விமானங்களையும் பிரித்தார்கள். முப்பதாம் தேதி ஷுன்சாகு போனான்.

'போரில் வீரமரணம்' என்று காகிதம் வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியும் வந்தது. நேற்று அவனோடு இருந்த விமானி ஒருவன் ஊதுபத்தி ஏற்ற வந்தான். பெயர் எழுத மாட்டேன், அவன் பிழைத்துப் போகட்டும். சண்டையில் தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். இரண்டைச் சுட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான். மழை பெய்த ஓடுதளத்தில் இறங்கும்போது இடது கால் ஒடிந்து குப்புறக் கவிழ்ந்தது. கழுத்து. அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அந்தக் காலை வரைந்தவன் நான். அதற்கு மாற்றுக் காலையும் நானே வரைந்து, மே மாதமே முடித்து, கொக்கிக்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவனிடம் கேட்டேன், "கப்பல்காரங்க நீங்க, தரையில எதுக்குப்பா இவ்வளவு நாள் இருந்தீங்க?" என்று. அவன் என்னைப் பார்த்தான். "சார், உங்களுக்கு இன்னும் தெரியாதா?" என்றான்.

ஜூன் மாதம். போன ஜூன் மாதமே 'உன்காகு' மூழ்கிவிட்டது. நான் கூடத்தில் கோடு போட்டு, "கடல்ல விழுந்தாச்சு" என்று கத்தவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது உங்கள் லிஃப்ட் கடலுக்கடியில் கிடந்தது. 'நான் அளந்தபோது இருந்தபடியேதான் இருக்கிறது' என்று எழுதினாயே, எழுதும்போது உன் கை கூசவில்லையா? செத்தவனுக்கு அளவெடுத்து ஐந்து மாதம் சட்டை தைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தவன் வெற்றுடம்போடு நின்றான்.

ரகசியம் என்பாய். இருக்கட்டும். நான் கேட்டது ரகசியம் இல்லை. ஒரு வரி. காரணம்கூட வேண்டாம் என்றேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குச் சாயோவை அனுப்பு. பிரசவம் வரை இங்கேயே இருக்கட்டும். நீ வராதே.

ரியோஹெய்


குரே
1944 டிசம்பர் 10

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

சாயோ கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

என் மணிக்கட்டு பிசகவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. லிஃப்ட் இருந்த குழியிலிருந்துதான் தீ மேலே வந்தது. ஷுன்சாகு அப்போது வானத்தில் இருந்தான். இறங்க எங்கள் கப்பல் இல்லாமல் வேறு கப்பலில் இறங்கினான். தண்ணீரிலிருந்து எடுத்த எங்களை ஒரு தீவில் மூன்று வாரம் அடைத்துவைத்தார்கள். பெற்றவளிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். இடது கையால் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

ஜூலையில் உங்கள் கேள்வி என் மேசைக்கு வந்தபோது அதில் ஏற்கனவே மூன்று பேரின் முத்திரை இருந்தது. மூன்றும் 'முன்போலவே.' மூன்று பேருக்கும் கப்பல் இல்லை என்று தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாலாவதாக நான் வைத்தேன். அக்டோபரிலும் அப்படித்தான். 'தேவை இல்லை' என்று நான் ஒருவன் மாற்றி எழுதினால், "குசுனோசே ரியோஹெய் உன் மைத்துனர்தானே, அவருக்கு என்ன சொன்னாய்?" என்று கேட்பார்கள். சாயோவின் நிலைமையை நினைத்தேன் என்று எழுத ஆரம்பித்தேன். அழித்துவிட்டேன். அவள் மேல் போட வேண்டாம். நான் பயந்தேன், அவ்வளவுதான்.

டேப்பை இத்துடன் அனுப்புகிறேன். கப்பல் மூழ்கும்போது என் பையில் இருந்தது. எப்படித் துருப்பிடித்திருக்கிறது பாருங்கள். உப்புநீரில் ஒரு ராத்திரி முழுவதும் கிடந்த இரும்பு என்று நீங்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள். தேடுகிறேன் என்று பொய் சொன்னேன். அது என் இழுப்பறையில்தான் இருந்தது. அக்டோபரில் ஒரு வார்த்தை எழுதாமல் இதைக் காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தால் போதும், உங்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. இரண்டு முறை சுற்றிக் கட்டினேன். இரண்டு முறையும் பிரித்துத் திரும்ப வைத்தேன்.

நீங்கள் என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் சொல்லவில்லை. உங்கள் தம்பி சொன்னான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன்தான் அவனும். தணிக்கைக்குத் தப்பி எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னான். அவன் காய்கறி தின்னாததைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதினீர்கள்.

ஆண் குழந்தை பிறந்தால் அவன் பெயரை வைக்க அனுமதிப்பீர்களா?

தோகுஜிரோ


ஹரிமா கடற்கரை
1945 ஜனவரி 17

ஆண் குழந்தை. சாயோவும் குழந்தையும் சுகம். பெயர் வைக்கும் ஏழாம் நாள் வருகிறது, பெயரை எழுதி அனுப்பு. நீ கேட்ட பெயர் வேண்டாம். அந்தப் பெயரைச் சொல்லி அவனை அதட்ட என்னால் முடியாது, உன்னாலும் முடியக்கூடாது.

ரியோஹெய்


ஹரிமா
1945 டிசம்பர் 3

மினாகாவா அவர்களுக்கு,

குரேயில் வீட்டுக் கூரை சரியாகிவிட்டதாகச் சாயோ எழுதியிருந்தாள். குழந்தை மினோருவுக்குப் பல் முளைத்ததையும் எழுதியிருந்தாள். உங்களிடமிருந்து வந்த நான்கு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எழுத எதுவும் இருக்கவில்லை. இப்போது ஒன்று இருக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

பிப்ரவரியில் முடியவேண்டிய விமானம் முடிந்தது. பிரித்த ஒன்பதில் தேறியது ஐந்து. பறக்கப் பெட்ரோல் இல்லை. ஜூனில் தொழிற்சாலையில் குண்டு விழுந்ததில் மூன்று போயின. மிச்சம் இரண்டை அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கப்போகிறார்கள் என்று என்னைத் தேடி வந்தார்கள். பிரிக்காமல் ஏற்ற வேண்டும், வந்து உதவு என்றார்கள். போன மாதம் யொகோசுகா துறைமுகத்துக்குப் போனேன். கூலியாக ஒரு டின் இறைச்சி.

அவர்களுடைய விமானந்தாங்கிக் கப்பலில்தான் ஏற்றினார்கள். கிரேனில் தூக்கி மேல்தளத்தில் வைத்தார்கள். அங்கே நின்றிருந்த சார்ஜன்ட் ஒருவன் வாலுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டான். அவர் என்னிடம் திரும்பி, "இந்தக் கொக்கி எதுக்குன்னு கேக்கறான்" என்றார்.

"கப்பல்ல இறங்கறதுக்கு" என்றேன்.

அதை அவனிடம் சொன்னார். அவன் மறுபடி கேட்டான். மொழிபெயர்ப்பாளர் என்னிடம், "எந்தக் கப்பல்லன்னு கேக்கறான்" என்றார்.

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.

பிறகு லிஃப்டில் தள்ளினார்கள். நான் ஓடிப்போய் இறக்கை நுனியை மடக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். மடக்காமலேயே உள்ளே போனது. இரண்டு பக்கமும் ஓர் ஆள் கைவீசி நடக்கலாம். என் கை தானாகப் பையிலிருந்து நீங்கள் திருப்பி அனுப்பிய டேப்பை எடுத்தது. துருவில் சிக்கிச் சிக்கித்தான் வெளியே வந்தது. மறுமுனையை அந்த சார்ஜன்ட் சிரித்துக்கொண்டே பிடித்தான். எவ்வளவு அகலம் என்று எழுத மாட்டேன். நுனி மடிப்பே தேவைப்பட்டிருக்காது. என் விமானம் ஒரு கப்பலின் லிஃப்டில் இறங்கியதை நான் பார்த்துவிட்டேன். அழுதேன். அவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு எனக்கு இன்னொரு டின் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து தொழிற்சாலைக்குப் போனேன். கூடத்துக்குக் கூரை இல்லை. வெள்ளைக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது, நல்ல பெயின்ட். அதற்குள் யாரோ சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயப்போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு துண்டுகூட இல்லை. ஏன் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "கோடு போட்டிருக்கே, ஏதோ காரணமாத்தான் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்" என்றாள்.

உங்கள் போன டிசம்பர் மாதக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. ஷுன்சாகுவின் செப்டம்பர் கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியது சரி. அவன் சொன்னான், நான் கேட்கவில்லை. நான் கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தால் உங்கள் மேல் கோபம் வரும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அது இல்லை. நீங்கள் என் எதிரில் உட்கார்ந்தால் அந்தக் காய்கறிப் பேச்சு தெரிந்த ஒருவர் எதிரில் இருக்கிறார் என்று எனக்கு இருக்கும். அதை என்னால் தாங்க முடியாது. அந்த முத்திரை தெரிந்த ஒருவன் எதிரில் இருப்பது உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

டேப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஸ்டோரும் இல்லை, ஸ்டோர்காரனும் இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தாண்டுக்குச் சாயோவையும் மினோருவையும் அனுப்புங்கள். மோச்சிக் கொழுக்கட்டைக்குக் கொஞ்சம் அரிசி சேர்த்து வைத்திருக்கிறோம். ரயிலில் கூட்டம் தாங்காது என்கிறார்கள், ஜன்னல் வழியாகத்தான் ஏற முடியுமாம். நீங்கள் அங்கே ஏற்றிவிட்டால் போதும். இங்கே நான் இறக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குசுனோசே ரியோஹெய்